விழித்திருப்போர்க்கும் உறக்கம் வேண்டும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமில் குடிநீரைப் பற்றியும், சாலைகளைப் பற்றியும், ஏரி குளங்களைப் பற்றியும் விரிவாகப் பேசினோம். இப்பொழுது நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றுப் புதியதாகத் தோன்றலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பணிபுரியும் செவிலியர், மருத்துவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முதலியோரின் களைப்பைப் பற்றியது அது. “அவர்கள் களைப்பு அவர்கள் பாடு, ஊராட்சிக்கும் உழவனுக்கும் அதில் என்ன அலுவல்?” என்று சிலர் எண்ணக்கூடும். அக்களைப்பின் விலையைக் கொடுப்பவர்கள் நாம்தாம் என்பதையும், அதைக் குறைக்கும் வழிகளுள் பல நம் கையிலேயே உள்ளன என்பதையும் எடுத்துக் காட்டுவதே என் நோக்கம்.

வட்டார வளர்ச்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உள்ள உறவு பழையது. ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தபோது, கிராம மக்களுக்கு அவர்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே மருத்துவ வசதி கிடைக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோது, வட்டாரந்தோறும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அத்திட்டத்தின் அங்கமாயிற்று. இன்றோ சமவெளியில் 30,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 மக்களுக்கு ஒன்று என்னும் அளவில் ஆரம்ப சுகாதார நிலையம் அமையவேண்டும் என்பது விதி. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்றாக அமையவேண்டும்.

இவ்வமைப்பின் பயனை நாம் கண்கூடாகக் காண்கிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. நம் பாட்டிமார் காலத்தில் குடிசைக்குள் மண்ணெண்ணெய் விளக்கொளியில் நிகழ்ந்த பேறு, இன்று செவிலியரின் கண் முன்னே நிகழ்கிறது. இது பெரும் சாதனை. ஆனால் பிள்ளை பகற்பொழுதில்தான் பிறக்கவேண்டும் என்ற நியதி எதுவுமில்லை. பாம்பு கடிப்பதும், மூச்சுத் திணறுவதும், சாலையில் விபத்து நேர்வதும் அலுவலக நேரம் பார்த்து வருவனவல்ல. ஆகவே, நாம் அனைவரும் உறங்கும் வேளையில் யாரோ சிலர் நமக்காக விழித்திருக்கவேண்டியுள்ளது. அவர்கள் விழித்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். தெளிவோடு விழித்திருக்கிறார்களா என்று கேட்பவர் அரியர்.

களைப்பு என்றால் என்ன என்பதை உழவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். விடியலில் பூட்டிய மாட்டை உச்சிப்பொழுதுக்கு மேலும் ஓட்டினால், அது நடக்கும், ஆனால் சாலில் பாதி நீர் சிந்திப் போகும், கால் இடறும். வசதியுள்ள உழவர் மாற்று மாடு வைத்திருந்ததற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. வேலை கெடாதிருக்கவேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இக்காலத்தில் மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில், மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்கால் ஓரத்தில் விழித்துக் கிடக்கிறோம். இரண்டு இரவு அப்படிக் கழிந்தபின், மூன்றாம் நாட்காலையில் பூச்சிமருந்தை அளந்து கலப்பவரின் கை தடுமாறுவதைப் பார்த்திருக்கிறோம். அளவு தவறினால் பயிர் கருகும். மருத்துவ நிலையத்திலும் இதே தடுமாற்றந்தான். ஆனால் அங்கே அளவு தவறினால் கருகுவது பயிரன்று.

உறக்கமின்மை மனவுறுதியால் வெல்லக்கூடிய ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். அறிவியல் அதற்கு மாறாகக் கூறுகிறது. நம் உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் விழிப்பையும் இரவில் உறக்கத்தையும் அது ஆணையிடுகிறது. அக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்தமைக்காகவே அமெரிக்க அறிஞர்களான ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. நள்ளிரவு கடந்து விடியும்வரை, சிறப்பாக மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, மனிதனின் கவனம் மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. உடல் வெப்பமும் அவ்வேளையிலேதான் தணிகிறது. எத்துணைக் கடமையுணர்ச்சி உடையவராயினும் இதற்கு விலக்கல்லர். இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கினால் போதாதா என்று கேட்கலாம். வெயிலும், ஒலியும், வீட்டு வேலையும் ஒருபுறமிருக்க, உடலின் கடிகாரமே பகலுறக்கத்தை இடையில் கலைத்துவிடுகிறது. ஆகையால் பகலுறக்கம் பெரும்பாலும் இரவுறக்கத்தைவிடக் குறுகியதாகவும், ஆழமற்றதாகவும் அமைகிறது. இரவுகள் தொடரத் தொடர, கடன் வட்டியேறுவதுபோல் உறக்கக்கடன் ஏறிக்கொண்டே போகிறது.

இக்கடனின் அளவை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் மது கலந்தவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுவதைக் கண்டனர். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 100 மில்லி கிராமுக்கு ஒப்பாகிவிடுகிறது. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டமோ, 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. சிந்தித்துப் பாருங்கள். மது அருந்திய ஒருவர் நம் மகளுக்கு ஊசி போட வந்தால் நாம் வாளாவிருப்போமா? ஒரு துளி மதுவையும் தொடாத செவிலியரை இருபது மணி நேரம் விழிக்கவைத்து, அதே நிலைக்குத் தள்ளிவிட்டு, ஊசி போடச் சொல்கிறோம். அதனை நாம் குற்றமாகவே கருதுவதில்லை.

இதன் விளைவுகளை மேலைநாடுகள் கசப்பான அனுபவத்தின் வாயிலாகக் கற்றன. 1984-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி ஒருத்தி, சேர்க்கப்பட்ட சில மணி நேரத்துக்குள் இறந்துபோனாள். நீண்ட நேரம் தொடர்ந்து பணிபுரிந்த இளம் மருத்துவர்களின் பொறுப்பில் அவள் விடப்பட்டிருந்தாள் என்பது பெருங் கிளர்ச்சியை எழுப்பியது. அதன் பயனாக 1989-ஆம் ஆண்டில் அம்மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று வரம்பு விதித்தது. 2004-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடத்திய ஆய்வில், நீண்ட தொடர்பணி செய்த பயிற்சி மருத்துவர்கள், அத்தகைய பணி நீக்கப்பட்ட முறையில் பணிசெய்தவர்களைக் காட்டிலும் நூற்றுக்கு 36 பங்கு அதிகமான கடுந்தவறுகளைச் செய்தனர் என்று தெரியவந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் பணிசெய்யும் செவிலியர் தவறிழைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது என்று காட்டியது. நீண்ட பணி முடித்து வண்டி ஓட்டி வீடு திரும்பும் மருத்துவர்கள் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று 2005-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. எனவே, களைப்பு நோயாளியை மட்டுமன்று, களைத்தவரையும் தாக்குகிறது.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமலில்லை. பயிற்சி பெறும் உறைவிட மருத்துவர்கள் சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணிக்கு மிகாமலும், வாரத்துக்கு 48 மணி அளவிலும் பணிபுரியவேண்டும் என்று நடுவணரசு 1992-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது. விதி ஏட்டில் இருந்தது. நடைமுறை வேறாக இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொல்கத்தா நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில், நெடும்பணிக்கிடையே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கச் சென்ற இளம் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொலையுண்ட செய்தி நாட்டையே உலுக்கியதை நீங்கள் அறிவீர்கள். இரவில் உழைக்கும் பெண்ணுக்குத் தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் ஓய்வறை வேண்டும் என்ற எளிய தேவைகூட எத்துணைப் பெரிய தேவை என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்திற்று. அதே மாதத்தில், தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு ஒன்று உறைவிட மருத்துவரின் பணி வாரத்துக்கு 74 மணிக்கு மேற்படலாகாது என்றும், வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 48 மணி என்று 1992-இல் எழுதிய நாடு, 2024-இல் 74 மணியாவது காக்கப்படட்டும் என்று கேட்கவேண்டிய நிலையில் இருந்தது.

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கரும்பலகை வேண்டாம், விரல்விட்டே எண்ணலாம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்கவேண்டும் என்றால், அந்த 168 மணியையும் பங்கிட்டாக வேண்டும். மூன்று செவிலியர் இருந்தால் ஒருவருக்கு வாரம் 56 மணி. இது வார ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லாமல், நாள்தோறும் எட்டு மணி நேரப் பணி. அவர்களில் ஒருவர் பேறுகால விடுப்பில் சென்றால், மற்ற இருவருக்கும் தலைக்கு 84 மணி. அதாவது நாள்தோறும் 12 மணி. எஞ்சிய இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் என்னாகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வாரம் 48 மணி என்ற அளவில் ஓர் இடத்தை இரவும் பகலும் காக்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பும் பயிற்சியும் சேர்த்தால் நான்கு பேருக்குக் குறையாமல் வேண்டும். ஆகவே, செவிலியர் களைத்துப்போவது அவருடைய குணத்தால் அன்று, கணக்கால்தான்.

இக்கணக்கு எவ்வாறு மனிதர்மேல் வந்து விழுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன், உழவர் ஒருவரிடமிருந்து ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. விடியற்காலை நான்கு மணிக்குத் தம் மருமகளுக்கு வலி கண்டு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசென்றபோது, பணியிலிருந்த செவிலியர் மேசைமேல் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார் என்றும், இருமுறை அழைத்தபின்னரே எழுந்தார் என்றும், தக்க நடவடிக்கை வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. மருத்துவ அலுவலரைக் கலந்தபோது விவரம் தெரிந்தது. மூன்று செவிலியரில் ஒருவர் பேறுகால விடுப்பு. மற்றொருவர் மாவட்டத் தலைநகரில் பயிற்சி. எஞ்சிய ஒருவர் முதல் நாள் காலை எட்டு மணிக்குப் பணியேற்றவர். மனுவில் கண்ட நான்கு மணிக்கு அவர் இருபது மணி நேரம் விழித்திருந்தார். அதற்கிடையில் இரண்டு பிரசவம் பார்த்திருந்தார். மனுதாரரிடம் இச்செய்தியைக் கூறியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “முறைத் தண்ணீருக்கு இரண்டு இராத்திரி விழித்தால் எனக்கே வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரிவதில்லை ஐயா” என்றார்.

அன்பர்களே, அம்மனுவில் இருந்த செய்தி பொய்யன்று. செவிலியர் உறங்கியது உண்மை. அதனால் ஒரு தாய்க்கு ஆபத்து நேர்ந்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் குறை போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. அவ்வுழவர் தம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், விடுப்பில் சென்ற செவிலியருக்குப் பதிலாள் வேண்டும் என்று தாமே எழுந்து தீர்மானம் கேட்டார். முறையீடு என்பது அவ்வாறு அமைதல்வேண்டும்.

களைப்பினால் நேரும் ஆபத்தைக் குறைக்கும் வழிகள் இரு வகைப்படும். மருத்துவ நிலையத்தார் செய்யவேண்டுவன சில. ஊரார் செய்யவேண்டுவன சில. முன்னதை முதலில் கூறுகிறேன். நோயாளர் நலச் சங்கத்தில் அமரும் நம் உறுப்பினர்கள் இவற்றை அறிந்திருந்தால்தான் வினவமுடியும்.

முதலாவது, பணிமுறையை அமைப்பது. காலை முறைக்குப் பின் மாலை முறை, அதற்குப் பின் இரவு முறை என்று முன்னோக்கிச் சுழலும் வரிசையை உடல் ஓரளவு எளிதாக ஏற்றுக்கொள்கிறது. பின்னோக்கிச் சுழற்றினால் இடர்ப்படுகிறது. ஒருவருக்குத் தொடர்ந்து பல இரவுகள் தருதல் ஆகாது. ஒரு முறை முடிந்து மறு முறை தொடங்குமுன் 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் சட்டமே இயற்றியுள்ளன. மாலை முறை முடித்து இரவு பத்து மணிக்கு வீடு சென்றவரை மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச்சொல்வது ஓய்வாகாது. பேருந்துக்குக் காத்திருந்த நேரமும், சமையல் நேரமும் போக மிஞ்சும் உறக்கம் எவ்வளவு?

இரண்டாவது, இரவுப் பணியில் குறுந்துயில். நோயாளியைப் பார்த்துக்கொள்ள மற்றொருவர் இருக்கும்போது, இருபது நிமிடம் முறைவைத்துக் கண்ணயர்வது கவனத்தை மீட்டுத் தருகிறது. எழுந்தவுடன் சிறிது நேரம் மந்தமாக இருக்கும். ஆதலின் எழுந்து முகங்கழுவிக் கால்மணி நேரம் கழிந்தபின் மருந்து கலத்தல் நன்று. காப்பி, தேநீர் ஆகியவை முறையின் முற்பகுதியில் உதவும். விடியும் வேளையில் அருந்தினால், வீடு சென்றபின் வரவேண்டிய உறக்கத்தை அவையே விரட்டிவிடும்.

மூன்றாவது, களைத்த வேளையிலும் தவறு நேராதபடி தடுப்புச் சுவர் எழுப்புவது. பிரசவத்துக்குப் பின்னர் இரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் என்னும் மருந்தையும், பேறுகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் என்னும் மருந்தையும் தருகிறார்கள். இவை உயிர் காப்பன. அளவு தவறினால் தீங்கு செய்வன. மெக்னீசியம் சல்பேட்டை மறுமுறை செலுத்துமுன் நோயாளியின் மூச்சும், சிறுநீரும், முழங்கால் துடிப்பும் சரியாக உள்ளனவா என்று பார்த்தாகவேண்டும். களைத்த மூளை முதலில் தவறவிடுவது இத்தகைய படிகளைத்தான். ஆகையால் நினைவை நம்பாமல், சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறியிடவேண்டும். இருவர் இருப்பின் ஒருவர் படிக்க, மற்றவர் சரிபார்க்கவேண்டும். ஒரு முறையினர் மறு முறையினரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, வாசலில் நின்று வாய்மொழியாகச் சொல்லிச் செல்லாமல், ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் நின்று எழுத்துமூலமாக ஒப்படைக்கவேண்டும்.

நான்காவது, “எனக்கு இப்பொழுது தெளிவில்லை, இன்னொருவர் பார்க்கட்டும்” என்று அச்சமின்றிச் சொல்லும் உரிமை. அவ்வாறு சொல்பவரைச் சோம்பேறி என்று ஏசும் இடத்தில் எவரும் வாய் திறக்கமாட்டார். வாய் திறவாத இடத்தில் தவறு மறைவாக வளரும்.

இனி, நாம் செய்யவேண்டுவன. இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை.

செவிலியருக்கு உள்ளிருந்து தாழிடக்கூடிய ஓர் ஓய்வறை உள்ளதா என்று பாருங்கள். அதில் கட்டில், மின்விசிறி, கழிப்பறை, தண்ணீர் உள்ளனவா? சன்னலுக்குத் திரை உண்டா? குடியிருப்பு இருந்தும் கூரை ஒழுகுவதால் பூட்டிக் கிடக்கிறதா? அவ்வாறாயின் அதனைச் செப்பனிடும் வழியைக் கிராம சபையிலும், நோயாளர் நலச் சங்கத்திலும் ஆராயுங்கள். செவிலியர் பத்து மைல் பயணம் செய்து வருவதற்கும், கூப்பிடு தூரத்தில் உறங்கி எழுந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து சுகாதார நிலையம் வரை தெருவிளக்கு எரிகிறதா? தெருவிளக்கு ஊராட்சியின் நேர்ப்பொறுப்பு. இருட்டில் அஞ்சி அஞ்சி வந்து பணியேற்பவர் பாதிக் களைப்போடுதான் பணியைத் தொடங்குகிறார்.

இரவு முறை முடித்தவரை அன்று காலையிலேயே முகாமுக்கும் கூட்டத்துக்கும் அழைக்கும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். எந்தத் துறை கூட்டும் கூட்டமாயினும் இது பொருந்தும். ஒன்றிய அலுவலகம் கூட்டுவதும் இதில் அடங்கும்.

கிராம சுகாதாரச் செவிலியரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்தல், தடுப்பூசி, வீடு வீடாகச் செல்லுதல், பதிவேடு, அதற்குமேல் கைபேசியிலும் கணினியிலும் அதே விவரங்களைப் பதிதல் என்று அவர் பணி நீள்கிறது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உடையோரின் வீட்டுவாசலுக்கே மருந்தைக் கொண்டுவந்தது. அது நன்மை, அதனோடு களப்பணியின் பரப்பும் விரிந்தது. இவ்வளவுக்குப் பிறகு, தலைவலிக்கு எந்த மாத்திரை போடலாம் என்று நள்ளிரவில் அவரைத் தொலைபேசியில் எழுப்புவது தகுமா? ஆலோசனை கேட்க 104 என்ற எண் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 108 இருக்கிறது. இவ்விரண்டு எண்களையும் ஊர்ச்சாவடியிலும், பால் சங்கத்திலும், நியாயவிலைக் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

108 வண்டி நம் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அதன் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் பன்னிரண்டு மணி நேர முறையில் உழைப்பவர்கள். வண்டி நம்மூரில் நிற்கும் இடமாயின், அவர்கள் நிழலில் அமரவும், குடிநீர் பெறவும், கழிப்பறைக்குச் செல்லவும் ஏற்பாடு செய்வது ஊரின் கடமை. கண் சொருகும் ஓட்டுநரின் வண்டியில் செல்லப்போவது நம் வீட்டு நோயாளிதான்.

இறுதியாக, காலியிடங்களைக் கண்காணியுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று வினாக்களைக் கேட்கலாம். நம் சுகாதார நிலையத்தில் இருக்கவேண்டிய செவிலியர் எத்தனை பேர்? இப்பொழுது இருப்பவர் எத்தனை பேர்? சென்ற மாதத்தில் ஒருவரே 12 மணிக்கு மேல் தொடர்ந்து பணிசெய்த நாட்கள் எத்தனை? விடையைத் தீர்மானமாக எழுதி மாவட்டச் சுகாதார நிர்வாகத்துக்கு அனுப்புங்கள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். பணி நேரத்தை மட்டும் குறைத்தால் போதும் என்று எண்ணிவிடலாகாது. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஆறில் நடந்த ஆய்வு ஒன்று வியப்பான முடிவைத் தந்தது. நீண்ட பணி நீக்கப்பட்ட முறையில் தவறுகள் குறைவதற்குப் பதிலாக மிகுந்தன. காரணம் ஆராய்ந்தபோது, அம்முறையில் ஒவ்வொரு மருத்துவரும் கவனிக்கவேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது தெரிந்தது. அவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபின், தவறுகளின் வேறுபாடு மறைந்தது. மாட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மாற்று மாடு பூட்டாமல், அதே நிலத்தைப் பாதி நேரத்தில் உழுதுமுடி என்றால் உழவு எப்படி நடக்கும்? ஆகவே நேரமும் குறையவேண்டும், ஆளும் கூடவேண்டும். இரண்டும் இணைந்தே நாம் கேட்கவேண்டியவை.

“நாங்களும் இரவில் விழித்து நீர் பாய்ச்சுகிறோம், எங்களுக்கு யார் ஓய்வறை கட்டினார்கள்?” என்று ஒருவர் கேட்பாரானால், அவ்வினாவை நான் மதிக்கிறேன். இரவு மின்சாரத்துக்காகக் கண்விழிக்கும் உழவரின் களைப்பும் களைப்பே. இருளில் பாம்புக்கும் மின்கசிவுக்கும் இடையே நிற்பவர் அவர். அதற்கும் பரிகாரம் வேண்டும். ஆனால் ஒருவர் வருந்துகிறார் என்பதற்காக மற்றவரும் வருந்தட்டும் என்பது நீதியன்று. உறக்கமின்மையின் துன்பத்தை உடலால் உணர்ந்தவர் உழவர். ஆகையால் செவிலியரின் துன்பத்தை மற்றெவரையும்விட விரைவில் உணரக்கூடியவரும் அவரே.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பர். தாய்சேய் நலம், தடுப்பூசி, நோய்த்தடுப்பு என்று நாம் எழுத விரும்பும் சித்திரங்களுக்கெல்லாம் சுவராக நிற்பவர்கள் இவ்வூழியர்கள். இம்முகாமிலிருந்து திரும்பியதும், ஒவ்வோர் உறுப்பினரும் தம் பகுதி சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை சென்று, அவ்வோய்வறையின் கதவைத் திறந்து பாருங்கள். அங்கே தாழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த கிராம சபை கூடுமுன் அதனைப் பொருத்திவிடுங்கள். பதிவேட்டில் மூன்று பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெயர் மட்டும் இருந்தால், அதனைக் குறித்துக்கொண்டு வந்து கூட்டத்தில் சொல்லுங்கள்.